ட்ரிப்புக்கு எத்தனை பேர்

போன வாரம் ஒரே காலையில் எங்கள் வீட்டுக்கு மூன்று ட்ரிப் வந்து சேர்ந்தது. முதலில் தண்ணீர் லாரிக்காரர் போன் செய்தார். "அக்கா, இன்னைக்கு ஒரு ட்ரிப்தான் முடியும். ரெண்டாவது ட்ரிப் நாளைக்குத்தான்" என்றார். திண்டுக்கல்லில் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே மிக்ஸி நின்றது, ஃபேன் நின்றது, வீடே அடங்கிப்போனது. என் கணவர் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, ட்ரிப் ஆயிருக்கு" என்றார். இதைச் சொல்ல எதற்கு அத்தனை பெருமிதம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாதி அரைபட்ட தேங்காயோடு நான் நின்றுகொண்டிருக்கையில் கோயம்புத்தூரில் படிக்கும் மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, ஹாஸ்டல் பொண்ணுங்க எல்லாம் கூர்க் ட்ரிப் போறோம். போகட்டுமா?"

"எத்தனை பேரு?"

"பதினாலு."

"யாரு எண்ணுவா?"

"என்னத்தம்மா எண்ணணும்?"

"ஆளத்தான்."

அவள் சிரித்தாள். எல்லோரிடமும் போன் இருக்கிறதாம், லொகேஷன் போட்டால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடுமாம். நான் விடவில்லை. ஏறும்போது ஒருத்தி எண்ணவேண்டும், எண்ணுகிறவள் தன்னையும் சேர்த்து எண்ணவேண்டும் என்று கறாராகச் சொன்னேன். "சரிம்மா, சரிம்மா" என்று போனை வைத்துவிட்டாள். தோழிகளிடம் போய், எங்க அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு என்று சொல்லியிருப்பாள். சொல்லட்டும்.

அவளுக்குத் தெரியாத ஒரு கதை இருக்கிறது. தெரியாமல் இருப்பதற்கு நான்தான் காரணம். எங்கள் வீட்டில் அதை யாரும் சத்தமாகப் பேசியதில்லை.

என் அத்தா வேன் டிரைவர். சொந்த வேன்தான். பேகம்பூர் பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப் வாடை லேசாக வரும் ஒரு சந்தில் எங்கள் வீடு. வேன் சந்துக்குள் நுழையாது. முனையில் வேப்பமரத்தடியில், ரோட்டைப் பார்த்து நிற்கும். எங்கே போனாலும் வண்டியைத் திருப்பி, முகம் ரோட்டைப் பார்க்க நிறுத்திவிட்டுத்தான் அத்தா இறங்குவார். "வந்த உடனே போற வழியப் பாத்துரணும்" என்பார். கல்யாண வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் செருப்பைக்கூட வாசலைப் பார்த்துத்தான் கழற்றிப் போடுவார்.

அத்தாவின் வாயில் எல்லாமே ட்ரிப்தான். பழனி ட்ரிப், வேளாங்கண்ணி ட்ரிப், நாகூர் ட்ரிப், காதுகுத்து ட்ரிப், மாப்பிள்ளை பார்க்கிற ட்ரிப். இது தொழில், சரி. ஆனால் எங்களைத் திட்டும்போதும், "ஒரு ட்ரிப் சொன்னேன், ரெண்டு ட்ரிப் சொன்னேன், காதுல ஏறுதா பாரு" என்பார். அம்மாவுக்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. தெருக்குழாயில் தண்ணீர் வருகிற அன்று, "ஆறு ட்ரிப் அடிச்சாச்சு, இன்னும் அண்டா ரொம்பல" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். குழாயடிக்கும் அடுப்படிக்கும் நடுவே அம்மா அடித்த ட்ரிப்புகளைக் கூட்டினால் அத்தாவின் வேனைவிட அதிகத் தூரம் வந்திருக்கும். ஆனால் ஊர் பார்க்கப் போகிற ட்ரிப் என்று ஒன்று அம்மாவுக்கு வாய்த்ததே இல்லை. வாரம் தவறாமல் ஊரில் உள்ளவர்களையெல்லாம் மலைக்கும் கடலுக்கும் கூட்டிப்போகிற மனிதரின் மனைவி, ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி, "கொடைக்கானல்ல குளிரா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு இப்போது நினைத்தாலும் கோபமாக வருகிறது.

அத்தாவுக்கு ஒரு பெயர் உண்டு. பாய் வண்டியில் போனால் ஆளும் தவறாது, சாமானும் தவறாது என்பார்கள். அதற்குக் காரணம் அவர் எண்ணுவது. புறப்படும் இடத்தில் படியில் ஒரு கால், உள்ளே ஒரு கால் வைத்து நின்று, ஒவ்வொரு சீட்டின் முதுகையும் தட்டி, சத்தம் போட்டு எண்ணுவார். மடியில் இருக்கிற கைக்குழந்தையும் ஒரு தலைதான். டீக்கு நிறுத்தினால் எண்ணுவார், குளத்தங்கரையில் நிறுத்தினால் எண்ணுவார். எண்ணிக்கை சரியாக வந்தால்தான் பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்புவார். எண்ணுவதில் ஒரு முறை இருந்தது. எல்லா வேன் டிரைவர்களுக்கும் அதே முறைதான். பார்ட்டியை, அதாவது வண்டி பிடித்தவர்களை மட்டும்தான் எண்ணவேண்டும். டிரைவரையும் அவரோடு வந்தவர்களையும் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் குழப்பம் வரும். "வண்டி ஆளு கணக்குல வராது" என்பார் அத்தா.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது சேவுகம்பட்டியிலிருந்து ஒரு காதுகுத்து ட்ரிப் வந்தது. பூவும் கத்தரிக்காயும் போடுகிற விவசாயக் குடும்பம். வருடா வருடம் பழனிக்கு எங்கள் வேனில்தான் போவார்கள். அந்த வீட்டு அம்மா, அத்தாவை எப்போது பார்த்தாலும் எங்கள் அம்மாவைப் பற்றி விசாரிப்பார். "ஏன் பாய், எங்களையெல்லாம் ஊரு ஊரா கூட்டிட்டுப் போறீக. பாயம்மாவ ஒரு நா கூட்டியாந்தா வண்டி ஓடாதா?" என்று அந்த வருடம் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். ரெண்டு பேர் வரவில்லை, இடம் இருக்கிறது, வந்தே ஆகவேண்டும் என்றார். அத்தாவுக்கு வேறு வழியில்லை.

அம்மா முந்தின நாளே என் தம்பியைப் பக்கத்து வீட்டு மாமியிடம் ஒப்படைத்து ஏற்பாடு செய்துவிட்டாள். அடுத்த நாள் விடியலில் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வெஞ்சனமும் டிபன் கேரியரில் ஏறின. இஸ்திரி போட்ட வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தவள், வேனை ஏதோ புதிதாகப் பார்ப்பது போலச் சுற்றிப் பார்த்தாள். வாரத்துக்கு ரெண்டு ட்ரிப் அவள் கழுவுகிற வேன் அது.

முன் சீட் ஆர்டர் கொடுத்த பார்ட்டிக்கு. சேவுகம்பட்டி போனதும் அதில் காது குத்தப்போகிற குழந்தையின் தாத்தா ஏறிக்கொண்டார். எனக்கு டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் என்ஜின் பெட்டியின் மேல் சாக்கை விரித்து ஒரு இடம். அம்மா கடைசி வரிசையில் ஜன்னலோரத்து மூலை சீட்டில் உட்கார்ந்தாள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் அவளுடைய வெள்ளைத் துப்பட்டி மட்டும் தெரியும். சேவுகம்பட்டியில் எல்லோரும் ஏறியதும் அத்தா எண்ணினார், நானும் அவரோடு சேர்ந்து கத்தினேன். பத்தொன்பது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பின்னால் "முருகா" என்று ஒரு சத்தம் எழும்ப, முன்னால் அத்தா மெதுவாக "பிஸ்மில்லாஹ்" என்று சொல்ல, வண்டி கிளம்பியது. எல்லா பழனி ட்ரிப்பும் அப்படித்தான் கிளம்பும்.

செம்பட்டி தாண்டி ஒட்டன்சத்திரம் போகிற வழியெல்லாம் நான் திரும்பித் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். கண்ணாடியைத் திறந்துவிட்டு, காற்றில் துப்பட்டி பறக்காமல் பல்லில் கடித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடியே வந்தாள். தென்னந்தோப்பு, தக்காளிக் காடு, மறுபடி தென்னந்தோப்பு. இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவள் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை.

பழனியில் அடிவாரத்துக்குப் பக்கத்து மைதானத்தில் வேனைத் திருப்பி நிறுத்தினார் அத்தா. பார்ட்டி மலையேறியது. நாங்கள் மூன்று பேரும் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். அத்தா வழக்கம்போல வண்டிக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்கினார். நானும் பெட்டியின் மேல் கவிழ்ந்தபடியே தூங்கிப்போனேன். மொட்டையடித்த தலைகளில் சந்தனமும், குத்திய காதுகளில் அழுகையுமாகப் பார்ட்டி இறங்கி வந்தபோதுதான் முழித்தேன். ஒரே வெயில், ஒரே சத்தம். கூடைகளும் பைகளும் கடைசி வரிசையில் ஏறின. சின்னப் பையன்கள் அதன் மேலேயே சாய்ந்து தூங்க ஆரம்பித்தார்கள். அத்தா படியில் கால் வைத்து, சீட்டைத் தட்டித் தட்டி எண்ணினார். நானும் எண்ணினேன்.

பத்தொன்பது. சரியாக இருந்தது. புது எலுமிச்சம்பழம் ஒன்று சக்கரத்தடியில் நசுங்கியது. கிளம்பிவிட்டோம்.

ஒட்டன்சத்திரத்தில் டீக்கு நிறுத்தினோம். அந்த வீட்டு அம்மா இலையில் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கலை எடுத்துவைத்துக்கொண்டு, "பாயம்மாவுக்கு இதக் குடுத்துருவமா? சாப்பிடுவாகல்ல?" என்று அத்தாவிடம் கேட்டார். சாமிக்குப் படைக்காமல் தனியாக எடுத்துவைத்ததுதான் என்று ஒரு தரத்துக்கு ரெண்டு தரம் சொன்னார். அத்தா, "பின்னாடி தூங்குவா, குடுங்க" என்றார்.

அந்த அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பின்னாடி இல்லையே பாய்."

அத்தா வேனுக்குள் ஏறினார். மூலை சீட்டில் எங்கள் டிபன் கேரியர் இருந்தது. அதன் மேல் ஒரு மொட்டைத்தலை தூங்கிக்கொண்டிருந்தது. அத்தா ஒரு கூடையைத் தூக்கிப் பார்த்தார். கூடைக்குப் பின்னால் அம்மா இருப்பாள் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. என்னிடம், ஒன்பது வயதுப் பெண்ணிடம், கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

"எண்ணுனமே."

எண்ணினோம்தான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் செல்போன் கிடையாது. அம்மாவிடம் எங்கே நிற்கிறாய் என்று கேட்க வழியில்லை. அவளுக்குப் பழனியில் ஒருவரையும் தெரியாது. அவள் தனியாக ஒரு ஊரில் நின்றதே இல்லை. முன் சீட்டுப் பெரியவர் டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு, "ஏலே, எல்லாரும் ஏறுங்கப்பா. பாயம்மாவக் கூட்டிட்டு வருவோம்" என்றார். காது வலியில் அழும் குழந்தையோடு, பத்தொன்பது பேரும் ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறி உட்கார்ந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு நான் எங்கிருந்தாலும் துவா செய்வேன்.

நிதானமாக வண்டி ஓட்டுகிறவர் அத்தா. அன்று ஓட்டியதை நான் எங்கேயும் சொல்லமாட்டேன். பின்னால் பெண்கள் முருகனை அழைத்துக்கொண்டே வந்தார்கள். அத்தா உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். நான் எந்தப் பக்கம் சேர்வது என்று தெரியாமல் ரெண்டையும் சொன்னேன்.

நாங்கள் நிறுத்தியிருந்த இடத்தில் வேறொரு பெரிய பஸ் நின்றது. அதன் முன்னால், நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில், அம்மா நின்றுகொண்டிருந்தாள். வண்டி இருந்த இடத்துக்கு அவளுக்கு இருந்த ஒரே அடையாளம் அதுதான். துப்பட்டி வியர்வையில் நனைந்திருந்தது. ரெண்டு கையிலும் புது வளையல். பக்கத்தில் வளையல் கடைக்கார அம்மா ஒரு ஸ்டூலைக் கையில் பிடித்தபடி நின்றார். எங்களைப் பார்த்ததும் அவர்தான் பேசினார். "ஏனுங்க, வந்துட்டீங்களா? உக்காருங்க உக்காருங்கன்னு எத்தனையோ சொல்லியும் உக்காரலீங்க. உக்காந்தா வண்டிக்காரருக்குத் தெரியாதுன்னு நின்னுட்டே இருந்தாங்க."

பார்ட்டி மலையிலிருந்து இறங்க நேரமாகும் என்று நினைத்து அம்மா வளையல் பார்க்கப் போயிருக்கிறாள். அத்தா தூக்கத்தில் இருந்தார், எழுப்பவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அத்தா இறங்கி அவள் முன்னால் போய் நின்றார். அந்த நேரத்தில் ஒரு மனிதர் சொல்லக்கூடியவை எத்தனையோ இருக்கின்றன. பயந்துட்டியா என்று கேட்டிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் பையை வாங்கிக்கொண்டிருந்தால்கூடப் போதும். அத்தா சொன்னது இதுதான்:

"ரெண்டு ட்ரிப் எண்ணுனேன். பத்தொம்பது. கணக்கு சரியாத்தான் இருந்துச்சு."

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். வளையல் கடைக்கார அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டு வந்து வேனில் ஏறினாள். வீடு வந்து சேர்ந்தோம். டிபன் கேரியரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அத்தாவைப் பார்க்காமல் சொன்னாள். "இனிமே உங்க வண்டியில நான் ஏற மாட்டேன்."

கோபத்தில் சொல்கிறாள், ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தோம். எங்கள் அம்மாவை எங்களுக்கே தெரியவில்லை.

அம்மாவின் பிறந்த வீடு சித்தையன்கோட்டை. அங்கே மாமா வீட்டில் பெருநாள், பையன்களுக்குக் கத்னா, கல்யாணம் என்று மாதம் ஒரு காரியம் வரும். முன்பெல்லாம் காலி ட்ரிப் கிடைக்கிற நாளாகப் பார்த்து அத்தா எங்களை வேனில் கொண்டுபோய் விடுவார். பழனிக்குப் பிறகு அம்மா எங்கள் கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். ரெண்டரை மணி ட்ரிப்பைப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும், நாலு மணி ட்ரிப்பில் நிற்கவேண்டும் என்று அவளுக்கு அத்துபடி ஆனது. அத்தாவுக்கும் அதே நேரத்தில் சித்தையன்கோட்டைப் பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும். பஸ்ஸுக்குப் பின்னால் எங்கள் வேன் காலியாக வரும். பஸ் நின்றால் நிற்கும், போனால் போகும். கடைசி சீட்டு ஜன்னல் வழியாக நானும் தம்பியும் அத்தாவுக்குக் கையாட்டிக்கொண்டு வருவோம். ஒரு நாள் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "யக்கா, உங்க வீட்டுக்காரரு வண்டி காலியா பின்னாடி வருது. நீங்க கம்பியப் பிடிச்சு நின்னுட்டு வாரீக. எங்களுக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்றார். அம்மா, "டிக்கெட்டக் கிழிங்க தம்பி" என்றாள்.

வீட்டில் சண்டை என்று எதுவும் இல்லை. சோறு போட்டாள், பேசினாள், சிரித்தாள், வேனைக்கூட முன்போலவே கழுவினாள். ஏறமாட்டாள், அவ்வளவுதான். என் கல்யாணத்துக்கு மொத்தச் சொந்தமும் அந்த வேனில்தான் வந்தது. பெண்ணைப் பெற்றவள் மட்டும் வாடகைக் காரில் வந்து இறங்கினாள். எனக்குப் பிரசவ வலி எடுத்தபோது அத்தா என்னை வேனில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். கையில் ட்ரிப்ஸ் ஏற்றிப் படுக்கையில் கிடத்தும்போது பார்த்தால், ஆட்டோவில் வந்த அம்மா எங்களுக்கு முன்னாலேயே வந்து வார்டு வாசலில் நிற்கிறாள். ரெண்டு பேருமே சரியான பிடிவாதக்காரர்கள். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அத்தா மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்டால், இல்லை. தப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. ஆனால் எனக்கு ஒன்று தெரியும். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்துத் தோழிகளோடு அந்த வேனில் வைகை அணைக்கு ஒரு ட்ரிப் போனோம். கடைசி வரிசை மூலை சீட்டில் ஒருத்தி உட்காரப் போனாள். "அதுல உக்காராதம்மா, கம்பி உடைஞ்சிருக்கு" என்றார் அத்தா. ஒருத்தி என்ஜின் பெட்டியில் உட்கார்ந்து வந்தாள். திரும்பி வந்ததும் நான் அந்தச் சீட்டை அமுக்கிப் பார்த்தேன். ஒரு கம்பியும் உடையவில்லை. உறைகூடப் புதிதாகத் தைத்துப் போட்டிருந்தது. பிறகு விசாரித்தேன். பல வருடமாக எந்தப் பார்ட்டியையும் அதில் உட்காரவிட்டதில்லையாம். எல்லோரிடமும் அதே உடைந்த கம்பிதான்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அப்படியா" என்றாள். இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு நெஞ்சழுத்தம் ஆகாது என்று கத்திவிட்டேன்.

பதில் வந்தது என் மகள் பிறந்த பிறகு. அவளைக் குளிப்பாட்ட மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அம்மா தானாகப் பேசினாள். "விட்டுட்டுப் போனதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. மறதி யாருக்கும் வரும். நெசமாச் சொன்னா அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. தனியா அம்புட்டுக் கடையும் பாத்தேன். குதிரை வண்டி பாத்தேன். சோடா குடிச்சேன். செத்த நேரம் யாருக்கும் சோறு போட வேண்டாம்னு இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "திரும்பி வந்து, கணக்கு சரியா இருந்துச்சுன்னாக பாரு. நான் இல்லாமலே சரியா இருந்துச்சாம்."

அன்று நானும் சேர்ந்து எண்ணினேன் என்பது ஞாபகம் வந்தது.

ரெண்டு வருடத்துக்கு முன்பு அத்தாவின் இடது கண்ணில் பார்வை போனது. வலது கண்ணும் சுமார்தான், இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேனும் அவரைப் போலத்தான் இருந்தது. தக்காளி ஏற்றப் போவதாக ஒட்டன்சத்திரத்து வியாபாரி ஒருவர் விலைக்குக் கேட்டார். சீட்டையெல்லாம் கழற்றிவிடுவாராம். அத்தா சரி என்றார். பைபாஸ் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விடவேண்டும், அவ்வளவுதான். எங்கள் சந்திலிருந்து பத்து நிமிடத் தூரம்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து சாப்பிட்ட பிறகு கிளம்பினோம். தம்பி வண்டி ஓட்ட ஏறினான். நான் அன்று ஊரில்தான் இருந்தேன், சும்மா போய் என்ஜின் பெட்டியில் உட்கார்ந்தேன். இந்த வயதில் அதில் உட்கார்வது அத்தனை சௌகரியமில்லை. அத்தா வெளியே நின்று, கையால் தடவிக்கொண்டே வேனை ஒரு சுற்று வந்தார். வேப்பமரத்தடியில் வண்டி எப்போதும்போல ரோட்டைப் பார்த்து நின்றது.

அப்போது சந்துக்குள்ளிருந்து அம்மா வந்தாள். இப்போதெல்லாம் அவள் கறுப்பு புர்காதான் போடுகிறாள். அன்று எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தாளோ, மடிப்பு மடிப்பாகப் பழுத்துப்போன வெள்ளைத் துப்பட்டி. முழங்கால் வலியோடு படியைப் பிடித்து ஒரு காலை வைத்தாள், இன்னொரு காலைத் தூக்கினாள், ஏறிவிட்டாள். யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய், மூலை சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் திறந்துவிட்டாள்.

தம்பி சாவியைத் திருப்பப் போனான்.

"செத்த பொறுப்பா" என்றாள் அம்மா. பிறகு வெளியே நின்றவரிடம் சொன்னாள். "இந்தாங்க. எண்ணுங்க."

அத்தா ஒரு காலைப் படியிலும் ஒரு காலை உள்ளேயும் வைத்தார். காலிச் சீட்டுகளைக் கடந்து பின்னால் நடந்தார், படியிலிருந்து அவ்வளவு தூரம் அவருக்குக் கண் தெரியாது. மூலை சீட்டின் முதுகைத் தட்டினார்.

"ஒண்ணு."

"அம்புட்டுத்தானா? உங்களையும் எண்ணுங்க."

"வண்டி ஆளு கணக்குல வராது" என்றார் அத்தா.

"இன்னைக்கு என் மகன்தான வண்டி ஆளு. நீங்க பார்ட்டி. எண்ணிட்டு உக்காருங்க."

அத்தா தன் நெஞ்சைத் தட்டி "ரெண்டு" என்றார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காதருகே குனிந்தார். பழனி மைதானத்தில் அவர் சொல்லியிருக்க வேண்டியதை முப்பது வருடம் கழித்து அன்றுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். முன்னால் இருந்த எனக்குக் கேட்கவில்லை. அம்மா துப்பட்டி முனையால் அவருடைய பார்வையில்லாத கண்ணைத் துடைத்துவிட்டாள்.

தம்பி பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினான். பெட்டிமேல் உட்கார்ந்திருந்த என்னை யாரும் எண்ணவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.